காவல்காரிக்கு மூன்று கவசம்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. அதை வாடகைக்கு எடுத்து மூன்று பேர் சேர்ந்து போனில் விளையாடுகிற ஒரு கற்பனை யுத்த கேம் செய்துகொண்டிருக்கிறோம். கோட் எழுதுவது என் பள்ளித் தோழன். கதையும் வசனமும் ஒரு அக்காவுடையது. அவர் பகலில் பாடசாலை ஆசிரியை. படம், மாடல், உடுப்பு எல்லாம் என் தலையில். கேம் இன்னும் வெளிவரவில்லை. ஆனால் அதன் கதாநாயகிக்கு ஒரு கவசம் செய்து முடிக்க மட்டும் எங்களுக்கு 7 மாதம் போனது. மூன்று தடவை வரைந்தோம், இரண்டு தடவை தூக்கிப் போட்டோம். நட்பு முறியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

இந்தத் துறையில் இறங்க நினைக்கிற நம் பிள்ளைகளுக்கு உதவுமோ என்று அதை இங்கே எழுதி வைக்கிறேன். பிழைகளில் பெரும்பாலானவை என்னுடையவை.

ஆள் யார்

கேமின் களம் ஒரு மலை இராச்சியம். வருடத்தில் பாதி நாள் மூடுபனி. பள்ளத்திலிருந்து மேலே ஏற ஒரே ஒரு கணவாய். அதைக் காப்பவள்தான் கதாநாயகி. கினிகத்தேனையிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல் போகுமே, அங்கே பிறந்த யோசனை இது. கொஞ்சம் சரித்திரமும் உண்டு. கண்டி இராச்சியம் 1815 வரை தாக்குப்பிடித்ததற்கு மலையும் கணவாய்களும் ஒரு காரணம். கடுகண்ணாவைப் பக்கம் பலன என்று ஒரு கோட்டை இருந்தது. பார்ப்பது, கவனிப்பது என்பதுதான் அந்தச் சிங்களச் சொல்லின் பொருள். கீழே இருந்து வருகிறவனை மேலே நின்று பார்க்கிற வேலை.

எங்கள் காவல்காரிக்கும் அதே வேலைதான். ஏறுவாள், காத்திருப்பாள், உருண்டு ஒதுங்குவாள், வெட்டுவாள். மந்திரம் தெரியாது. கையில், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பெரிதாக்கின மாதிரி ஒரு வளைந்த வாள். இதையெல்லாம் அக்கா முதல் நாளே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டு, வேறு யாரையோ வரைந்தேன்.

முதல் வரைவு

இரண்டு இரவில் முடித்த படம். மார்புக்கு இரண்டு கிண்ணம் கவிழ்த்த மாதிரி பளபளப்பான தகடு. வயிறு திறந்தபடி. தொடை வரை பூட்ஸ், அதில் குதி உயர்ந்த ஹீல். முழங்கையிலும் மணிக்கட்டிலும் மட்டும் கனத்த இரும்பு. இடுப்பில் துணி என்று சொல்ல முடியாத ஒரு துணி. வெளிச்சம் விழுகிற விதத்தை நான் நன்றாகத்தான் வரைந்திருந்தேன். தோழன் பார்த்துவிட்டு விசில் அடித்தான்.

ஏன் அப்படி வரைந்தேன் என்று பிறகு யோசித்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்கு வரையச் சொல்லிக் கொடுத்தது நெட்டில் பார்த்த படங்கள்தான். வீரப்பெண் என்றால் இப்படி என்று கை பழகிவிட்டது. இன்னும் வெட்கமான விஷயம், அதே கிழமையில் அதே கணவாய்க்கு ஒரு ஆண் காவலாளியையும் வரைந்தேன். அவனுக்கு முழங்கால் வரை கோட், கழுத்தில் துணி, தடித்த சப்பாத்து, கையுறை. அதையும் யோசிக்காமல்தான் போட்டேன்.

ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற என் தங்கச்சி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "அண்ணா, இவளுக்குக் குளிராதா?"

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். தை மாதத்துக் காலையில் பஸ்ஸுக்குப் போகிற பிள்ளை ஸ்வெட்டர் இல்லாமல் படி இறங்காது. அந்தப் பிள்ளைக்கு வரும் முதல் கேள்வி அதுதான்.

மறுநாள் அறையில் அதைச் சொன்னபோது தோழன் சொன்ன பதிலை இந்தத் துறையில் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். "மச்சான், நம்ம கேம்ல யானை சைஸ் பறவை பறக்குது. அத நம்புறவன் குளிரப் பத்தியா கேப்பான்?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கற்பனை என்றால் விதியே கிடையாது என்று அர்த்தம் இல்லை. விதியை நாமே போடலாம், அவ்வளவுதான். பறவை பறக்கும் என்று சொல்லிவிட்டோம், சரி. அந்த மலையில் பனி கொட்டும், ஆம்பிளைக் காவலாளிக்குக் குளிரும் என்றும் நாமே காட்டிவிட்டோம். அதே பனியில் ஒருத்தனுக்குக் கம்பளி, ஒருத்திக்குக் கைக்குட்டை என்றால் இடிப்பது அங்கேதான். இதை அக்காதான் சொன்னார், ஒரே வரியில். தோழன் கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரும்பு சொன்ன பாடம்

அப்புறம்தான் நிஜக் கவசங்களைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். மார்புக் கவசத்தின் வேலை அடியைத் தாங்குவது என்று நினைத்திருந்தேன். அதைவிட முக்கியமான வேலை அடியைச் சறுக்கி விடுவது. 15ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தகட்டுக் கவசங்களில் மார்பு முன்னால் உருண்டு புடைத்திருக்கும். பலவற்றில் நடுவே மேலிருந்து கீழாக ஒரு முகடு ஓடும். ஈட்டி முனை எங்கே பட்டாலும், தோட்டத்து லய வீட்டுத் தகரக் கூரையில் மழை ஓடுவது போல, பக்கமாக வழிந்து போய்விடும். இரண்டு கிண்ணமாக அடித்த தகட்டில் நடக்கிறது இதற்கு நேர்மாறு. இரண்டு மேட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். சறுக்குகிற முனை நேராக அந்தப் பள்ளத்துக்கு, நெஞ்செலும்பின் மேலே வந்து நிற்கும். குப்புற விழுந்தால் அந்த மடிப்பே நெஞ்சை அழுத்தும்.

கவசம் உடம்போடு ஒட்டிக்கொண்டு இருப்பதும் இல்லை. உள்ளே பல அடுக்குத் துணி வைத்துத் தைத்த தடித்த சட்டை ஒன்று வரும். அதற்கும் தகட்டுக்கும் நடுவில் கொஞ்சம் வெளி இருக்கும். பெண்ணின் மார்பு அந்த இடத்துக்குள் அடங்கிவிடும். தனிக் கிண்ணம் தேவையே இல்லை.

பாரத்தைப் பற்றியும் நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். முழுத் தகட்டுக் கவசம் பொதுவாக 15 முதல் 25 கிலோ. உடம்பு முழுக்கப் பிரித்துப் பிரித்துக் கட்டுவதால் அதைப் போட்டுக்கொண்டு ஓடலாம், ஏறலாம், விழுந்து எழும்பலாம். சங்கிலிச் சட்டை அதைவிட இலேசு, 10 கிலோ அளவில் வரும். ஆனால் அதன் பாரம் முழுவதும் தோளில் தொங்கும். அதனால் இடுப்பில் ஒரு வாரை இறுக்கிக் கட்டுவார்கள். பாரத்தில் ஒரு பங்கு இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். நான் வரைந்த பெண்ணுக்கு இடுப்பே திறந்து கிடந்தது. வாரும் இல்லை, பாரம் இறங்க இடமும் இல்லை.

கவசம் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது தோட்டத்து முருகன் கோயிலில். அம்மாயி ஒவ்வொரு செவ்வாயும் கவசப் பாட்டுப் பாடும். தலை, கண், காது, மூக்கு, கழுத்து, மார்பு, வயிறு என்று ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லி, ஒன்றையும் விடாமல், காக்கச் சொல்லிக் கேட்கிற பாட்டு. அந்தப் பட்டியலை வைத்து என் முதல் வரைவைச் சரிபார்த்தேன். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இரும்பு. குடலுக்கு ஒன்றும் இல்லை. கழுத்துக்கு ஒரு சங்கிலி, அதுவும் நகை.

பெண் ஒருத்தி நிஜமாகவே கவசம் போட்டதற்குச் சாட்சி வேண்டுமென்றால் பிரான்ஸுக்காகப் போருக்குப் போன ஜோன் ஆஃப் ஆர்க் இருக்கிறாள். 1429இல் தூர் நகரத்தில் அவளுக்கென்று ஒரு தகட்டுக் கவசம் செய்தார்கள். அதற்குக் கொடுத்த 100 லீவர் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்) கணக்கில் இருக்கிறது. அதே வருடம் மே 7ஆம் தேதி ஓர்லேயோவில் அவளுக்கு அம்பு பட்டது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். கவசம் எங்கே முடிகிறதோ அங்கே. அடுத்த மாதம் ஜார்ஜோவில் ஒரு கல் வந்து தலைக்கவசத்தில் விழுந்தது. விழுந்தவள் எழும்பி, முன்னேறுங்கள் என்று வீரர்களைக் கூப்பிட்டாள். தலைக்கவசம் இல்லாத என் கதாநாயகிக்கு அந்தக் கல் விழுந்திருந்தால் கேம் அங்கேயே முடிந்திருக்கும்.

அழகு வேண்டாம் என்று இரும்பு சொல்லவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். லண்டன் கோபுரத்தில் எட்டாம் ஹென்றியின் 1540 வாக்கிலான கவசம் ஒன்று நிற்கிறது. அதன் கவட்டுப் பகுதியில் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிற இரும்பைப் பார்த்தால் ஆம்பிளைகளின் ஆசையும் தெரியும். கிரேக்க, ரோமத் தளபதிகள் வயிற்றுத் தசை அச்சடித்த மாதிரி மார்புக் கவசம் போட்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியக் கொல்லர்கள் தகடு முழுக்க வரிவரியாக மடிப்பு வைத்தார்கள். அன்றைய மடிப்புத் துணி நாகரிகம் மாதிரி இருக்கும், அதே மடிப்பு தகட்டுக்கு விறைப்பும் கொடுக்கும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்தக் கொல்லர்கள்தான்.

கேம்களின் வரலாறும் நேர்கோட்டில் போகவில்லை. 1986இல் வந்த மெட்ராய்டில் தலை முதல் கால் வரை கவசம் போட்ட ஆள் பெண் என்று கடைசியில்தான் தெரியும். ஆகா என்று பாராட்டலாம் என்று பார்த்தால், 1 மணி நேரத்துக்குள் முடித்தவனுக்குப் பரிசு, அவள் பிகினியில் நிற்பது. 2004இன் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் சில கவசங்கள் ஆணுக்குப் போட்டால் கால்சட்டை, பெண்ணுக்குப் போட்டால் ஜட்டி. 2011இன் டார்க் சோல்ஸில் பெரும்பாலான கவசங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அதனால் அது விலை போகாமல் போய்விடவில்லை.

இரண்டாவது: பால் கேன்

படித்த வேகத்தில் எதிர்ப்பக்கம் போய் விழுந்தேன். முழுத் தகடு, மூடிய தலைக்கவசம், கழுத்துத் தகடு, கை விரல் வரை இரும்பு. ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. பெருமையாக இருந்தது.

அக்காவின் டியூஷன் வகுப்புப் பிள்ளைகள், எங்கள் வீட்டு ஆட்கள் என்று 8 பேரிடம் போனில் காட்டினோம். ஒருவர்கூட அது பெண் என்று சொல்லவில்லை. ஒரு பையன் "ரோபோவா?" என்றான். ஒரு சின்னப் பிள்ளை பால் சேகரிக்கிற லொறியில் வரும் அலுமினியக் கேன் மாதிரி இருக்கிறது என்றது. அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அந்த ஃபைலின் பெயர் பால்கேன்தான். போன் திரையில் அவள் உயரம் ஒரு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த அளவில் சாம்பல் பனிக்குள் சாம்பல் தகடு வெறும் கறையாகத்தான் தெரிந்தது.

எனக்குச் சுருக்கென்று பட்டது வேறொன்று. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது வேண்டும் என்று கேட்டபோது, குளிராதா என்று கேட்ட அதே தங்கச்சி முதல் படத்தைக் காட்டினாள். "அதுலயாவது ஒரு ஆள் தெரியுதுண்ணா. இதுல யாருமே இல்ல." என் அண்ணி, வீட்டில் அதிகம் கேம் விளையாடுகிற ஆள், இன்னும் நேராகக் கேட்டார்: "கவசம் போட்டா கம்மல் போடக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

பெண்கள் நடைமுறையைத்தான் விரும்புவார்கள், ஆண்கள்தான் கவர்ச்சியைக் கேட்பார்கள் என்று நான் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கு அத்தோடு போனது. அண்ணி கேட்டது முகமும் நிறமும் கொஞ்சம் மினுக்கமும். அது இல்லாத இடத்தில், கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு நடுவே ஒரு பாராட்டும் வந்தது, வேண்டாத பாராட்டு. சொந்தக்காரர் ஒருவர் பால்கேனைப் பார்த்துவிட்டு, "இதான் நம்ம பொம்பளப் புள்ளைக்கு அழகு, அடக்கமா இருக்கு" என்றார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும் பேச்சு வரவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது ஈட்டியைப் பற்றி, அவர் பேசியது மானத்தைப் பற்றி. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரியே தெரிகிறது, அதுதான் சிக்கல். எங்கள் கதையில் மழைக்காகக் கோயிலில் ஆடுகிற ஒருத்தியும் வருகிறாள். அவள் தோளும் வயிறும் தெரியத்தான் ஆடுவாள், தெரியட்டும். அவள்மேல் யாரும் வாள் வீசப்போவதில்லை.

தொழில்நுட்பத்திலும் பால்கேன் எங்களைப் படுத்தியது. இரும்பு வளையக்கூடாது. அதனால் ஒவ்வொரு தகட்டையும் ஒரே ஒரு எலும்போடு (மாடலை அசைக்க அதற்குள் நாங்கள் வைக்கிற எலும்பு) முழுசாகக் கட்ட வேண்டும். இரண்டு எலும்புக்குப் பிரித்துக் கொடுத்தால் தகடு ரப்பர் மாதிரி நெளியும். அப்படிக் கட்டினால், பாறையைப் பிடித்து ஏறக் கையைத் தூக்கும்போது தோள் தகடு நேராகக் காதுக்குள் போகிறது. நிஜத்திலும் இந்தப் பிரச்சினை உண்டு. கொல்லர்கள் தோளைச் சிறு சிறு பட்டைகளாக வெட்டி, உள்ளே தோல் வாரில் கோத்து, ஒன்றுக்குள் ஒன்று நழுவ விட்டார்கள். நாங்கள் அதையே துணை எலும்பு போட்டுச் செய்ய வேண்டியிருந்தது. மலிவான போனில் ஒவ்வொரு எலும்பும் காசு மாதிரி; எண்ணி எண்ணித்தான் செலவு பண்ண வேண்டும்.

முதுகு

மூன்றாவது மாதத்தில் வேலை நின்றே போனது. தோழன் முதல் படத்தின் பக்கம், நான் இரண்டாவதின் பக்கம், அக்கா இரண்டையும் வேண்டாம் என்றார்.

ஒரு நாள் தோழன் பால்கேனைப் போட்டு நடக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்றேன். அவளும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். ஐந்து நிமிடம் நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்ப மாட்டாள், ஏனென்றால் எங்கள் கேமில் கேமரா அவளுக்குப் பின்னால், தலைக்குக் கொஞ்சம் மேலே. நாங்களே வைத்த கேமரா.

மூன்று மாதம் நாங்கள் சண்டை போட்டது மார்பைப் பற்றி. விளையாடுகிறவர் பார்க்கப்போவது முதுகை. முன்பக்கம் தெரிவது மெனுவிலும், வசனக் காட்சிகளிலும், விளம்பரப் படத்திலும். அப்படியானால் அந்த இரண்டு கிண்ணமும் விளையாட்டுக்கு வரைந்ததே இல்லை. கடையில் தொங்குகிற போஸ்டருக்கு வரைந்தது. என் இரண்டு வரைவிலும் முதுகுப் பக்கம் அரை மணி நேர வேலை, முன்பக்கத்தை அப்படியே மழித்துவிட்ட மாதிரி.

அன்று மாலை பஸ்ஸில் டிக்கோயா பக்கம் போகும்போது நல்ல மழை. மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ரோட்டோரமாக வரிசையாகப் போனார்கள். கம்பளியைத் தலையிலிருந்து முதுகு வரை மூடிக் கொங்காணி போட்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு என்கிற சாக்கு. வெறுங்கூடை முதுகில். பஸ் அவர்களைத் தாண்டிப் போகும் வரைக்கும் நான் பார்த்தது முதுகுதான். ஆனால் யார் வயசானவர், யார் புதிசாக வேலைக்கு வந்த பிள்ளை, யாருக்கு முழங்கால் வலி என்று எல்லாம் தெரிந்தது. பெண் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சின்ன வயசிலிருந்து பார்த்த காட்சிதான். லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு அம்மா மலைக்குப் போவதைப் பார்த்த பிள்ளைக்கு அம்மாவின் முதுகு மனப்பாடம்.

அம்மாவின் ஆட்சேபம்

அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று விட்டது. படங்கை எப்படிக் கட்டுவது என்று காட்டச் சொன்னேன். பழைய உரச் சாக்கு ஒன்றை எடுத்துக் கட்டிக் காட்டியது. வயிற்றை இறுக்காமல் இடுப்பெலும்பின் மேலே உட்கார வைக்கிறது. முடிச்சு பக்கவாட்டில்; முன்னால் போட்டால் குனியும்போது குத்தும். முன்பக்கம் முழங்காலுக்குக் கீழே வரை இறங்குகிறது. கவ்வாத்து வெட்டின செடியின் குச்சி தொடையைக் கிழிக்காது, பனி ஈரம் சேலையில் ஏறாது. சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. கூடைக் கயிறு தலையில், கயிறு அறுக்காமல் இருக்க அதற்குக் கீழே மடித்த துணி. பெரும்பாலான தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து, அதற்கு முன்னே பின்னே எடுக்க வேண்டும். அத்தனையும் ஒரே தடவையில் முதுகில் இருக்காது, இடையிடையே நிறுப்பார்கள். இருந்தாலும் பாரத்தைத் தோளிலிருந்து தலைக்கும் முதுகுக்கும் இடுப்புக்கும் எப்படிப் பிரிப்பது என்று அந்த உடம்புக்குத் தெரியும். சங்கிலிச் சட்டைக்காரர்கள் வாரை இறுக்கின அதே கணக்கு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை அப்படியே காவல்காரிக்குப் போடப்போகிறேன் என்றேன்.

அம்மா சாக்கை அவிழ்த்துக் கீழே போட்டது. "ஏன்டா, இதப் போயியா அந்தப் புள்ளைக்குப் போடப் போற? நாங்க ஆசப்பட்டா கட்டுனோம்? நனஞ்சா காய்ச்ச வரும், செடி கிழிக்கும், வேற ஒண்ணும் இல்ல, அதுக்குக் கட்டுனது. நல்லதா எதையாச்சும் போட்டு விடு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. டவுன் அறையில் உட்கார்ந்துகொண்டு உரச் சாக்கை அழகு என்று சொல்வது எனக்குச் சுலபம். அதைக் கட்டிக்கொண்டு 30 வருடத்துக்கு மேலே மலை ஏறினவருக்கு அது அழகு இல்லை. இங்கே நடைமுறை என்று நான் பாராட்டுவதில் பாதி வறுமை. நல்ல மழைக்கோட்டு கொடுத்திருந்தால் படங்கு கட்டியிருக்க மாட்டார்கள்.

சரி, நல்லது என்றால் என்ன என்று கேட்டேன். யோசிக்காமல் வந்தது பதில்: "செவப்பு." தலையில் போடும் துணியை மட்டும் அம்மா எப்போதும் கடையில் பார்த்துப் பார்த்து வாங்குமாம். சிவப்பு, இல்லாவிட்டால் மஞ்சள். மலையில் எல்லோரும் ஒரே பச்சைக்குள் நிற்கும்போது தன் கூட்டாளி எந்த நிரையில் நிற்கிறாள் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. கம்மலும் மூக்குத்தியும் ஒரு நாளும் கழற்றினதில்லை.

தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்திலும் இதே கணக்குத்தான் என்று பிறகு தோன்றியது. இராத்திரியில், தூரத்தில், புகைக்கு நடுவே நிற்கிற சனத்துக்கு ரதி யார் மதன் யார் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் அந்த முடியும் மினுங்கும் காகிதமும்.

மூன்றாவது

இந்த வரைவை முதுகிலிருந்து தொடங்கினேன். முன்பக்கத்தை நான்கு நாள் தொடவே இல்லை.

படங்கைப் போடவில்லை, கட்டுகிற முறையை எடுத்துக்கொண்டேன். சங்கிலிச் சட்டை, அதற்கு மேலே இடுப்பெலும்பில் உட்காருகிற அகல வார், பக்கவாட்டில் கொக்கி. வாரிலிருந்து நான்கு பட்டையாகத் தடித்த துணி இறங்குகிறது, முன்பட்டை மட்டும் நீளம். முழுத் துணியாக விட்டால் ஒவ்வொரு அடிக்கும் துணியின் அசைவைக் கணக்கிட்டு போன் சூடாகிவிடும். பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு எலும்பு போட்டதில் சமாளித்தோம். கம்பளிதான் மேலங்கி. மழை பெய்தால் அதைக் கொங்காணியாகத் தலையில் இழுத்துக்கொள்வாள். இந்த அசைவைப் பார்த்துத்தான் தோழன் முதன்முதலாக எங்கள் பக்கம் வந்தான்.

தலைக்கவசம் முகம் திறந்தது. கூந்தலைக் கொண்டையாக முடித்து உள்ளே வைத்தாயிற்று. சண்டையில் தொங்குகிற பின்னல் எதிரியின் கைப்பிடி. கவசத்துக்குக் கீழே மடித்த சிவப்புத் துணி, அதன் நுனி பின்கழுத்தில் ஒரு சாண் தொங்குகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள அந்த இடத்தை, ஜோனுக்கு அம்பு பட்ட இடத்தை, சங்கிலிக் கழுத்துப்பட்டை மூடுகிறது. அதன் மேலே இந்தச் சிவப்பு. பனிக்குள் நகத்தளவு உருவமாக அவள் போகும்போது கண் தானாக அந்த நுனியைப் பிடித்துக்கொள்கிறது. தொலைந்து போவதில்லை.

முன்பக்கம் கடைசியில் ஒரே நாளில் முடிந்தது. ஒரே தகடு, நடுவே முகடு, இடுப்புக்கு மேலே முடிகிறது. மூக்குத்தி உண்டு. அண்ணிக்காகக் கம்மலும் உண்டு, தொங்காத கல்லுக் கம்மல். ஆண் காவலாளிக்கும் இதே கவசத்தைத்தான் போட்டோம், அளவு மட்டும் மாற்றி. அவனுடைய பழைய கோட்டைவிட அவனுக்கு இது பொருந்துகிறது.

அதே 8 பேரிடம் மறுபடியும் காட்டினோம். எல்லோரும் பெண் என்றார்கள். ஒரு பையனுக்கு மட்டும் பிடிக்கவில்லை, முதல் படத்தில் இருந்தவள் எங்கே என்றான். தங்கச்சி போனைத் திருப்பித் தர முக்கால் மணி நேரம் ஆனது.

இப்போதைய நிலை

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கேமை வெளியிடப் பேசிக்கொண்டிருக்கிற ஒரு வெளியூர் ஆள், முதல் படத்தை எங்கேயோ பார்த்துவிட்டார். காசு கொடுத்து வாங்குகிற தனி உடுப்பாக அதைச் சேர்க்கலாமே என்று கேட்கிறார். தோழனுக்குக் கொஞ்சம் ஆசை, வாடகை இரண்டு மாதம் பாக்கி. அக்கா முடியாது என்கிறார். நான் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: எந்த உடுப்பு என்றாலும் ஆண் காவலாளிக்கும் அதே உடுப்பு வர வேண்டும். அந்த ஆள் இன்னும் பதில் சொல்லவில்லை.

போன கிழமை அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். சண்டை எதுவும் போடவில்லை. காவல்காரியை மேலே ஏற விட்டு, நடக்க விட்டு, சிவப்புத் துணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டது: "அது சரி, இவ்வளவு பாரத்தையும் தூக்கிட்டு ஏறுதே இந்தப் புள்ள, எங்க எறக்கி வைக்கும்?"

மூன்று பேருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. கேமைப் பாதியில் நிறுத்திச் சேமிக்கிற இடத்துக்கு அதுவரை வெறும் விளக்குத்தான் வைத்திருந்தோம். இப்போது அந்த இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. அவள் வந்து வாரைத் தளர்த்தி, முதுகைக் கல்லில் சாய்த்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிச் சோம்பல் முறிப்பாள். கையைத் தூக்கும்போது தோள் பட்டை மறுபடியும் காதுக்குள் போகிறது. இந்தக் கிழமை முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.